உவர்த்துறையில மொதல்ல யாரு பேசுறது

தட்டுல வெத்தலை வாடிக்கிட்டிருக்கு, கூடத்துல அறுபது பேரு பாயில உக்காந்திருக்காங்க, மாப்பிள்ளையோட தாய்மாமன் குருபாதம் நடுக்கூடத்துல எழுந்து நின்னு வாயைத் தெறந்து வெச்சிருக்காரு, ஆனா அந்த வாயிலேர்ந்து காத்து மட்டுந்தான் வருது, சொல்லு வரல. உள்ரூம் கதவுக்குப் பின்னாடி பட்டுப்புடவையில நின்னுக்கிட்டிருந்த கல்யாணப்பொண்ணு கோமேதகம், மாமா இப்பச் சொல்லிடுவாரு, தொண்டையச் செருமுனதும் சொல்லிடுவாரு, இந்தா சொல்லிட்டாருன்னு மனசுக்குள்ள அவரைத் தள்ளிக்கிட்டே இருந்தா, மாமாவோ கெணத்துக்குள்ள எட்டிப் பாக்குறவரு மாதிரி அப்படியே நிக்கிறாரு. அவ அப்பா தெய்வராயன் "எடுத்துக்குங்க, உங்க புள்ளதான்"ங்கிற பதிலை நாக்கு நுனியில தயாரா வெச்சுக்கிட்டு, கேள்வி வந்தாத்தானே பதிலை விடமுடியும்னு முழிச்சுக்கிட்டிருக்காரு. மாப்பிள்ளை அதிவீரன் வேர்த்து ஊத்தி, மாமாவோட வேட்டியப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தான், மாமா கண்ணு மட்டும் உருண்டுச்சு.

உவர்த்துறை வழக்கம் உங்களுக்குத் தெரியாதுல்ல, சொல்லிடுறேன். அந்த ஊருல பொண்ணு கேக்குற சபையில மொதச் சொல்லு மாப்பிள்ளையோட தாய்மாமனுக்குத்தான் சொந்தம். அதுவும் பொண்ணு வீட்டுக் கூடத்துல, ஆவணி மாச முகூர்த்தத்துல, தட்டுல இருக்குற வெத்தலை வாடுறதுக்குள்ள. அதுக்கு முன்னாடி ஒருத்தரும் தண்ணி குடுன்னுகூடக் கேக்கக்கூடாது, கைக்கொழந்தை சிணுங்குனாத் தூக்கிட்டுத் தெருவுக்குப் போயிடணும். தப்பிப்போச்சுன்னா அடுத்த ஆவணி. அதுவும் தப்பினா அதுக்கடுத்த ஆவணி. மூணாவதும் தப்பினா அந்தச் சம்பந்தம் அதோட முடிஞ்சுது, அப்புறம் ரெண்டு வீடும் ஒருத்தர் வீட்டுச் சாவுக்குக்கூட ஒருத்தர் போகமுடியாது.

வெத்தலை ஓரம் சுருண்டு கறுத்தப்புறம், படகுக் கேப்டன் மிக்கேல் வாசல்ல வந்து நின்னாரு. அவரு வடதுறைக்காரரு, வெளியூரு. "என்னய்யா இது, துறையில படகு நிக்குது, அறிவிப்புச் சொல்ற பொண்ணும் இங்க இருக்கு, இஞ்சின் ஓட்டுற பையனும் இங்க இருக்கான், என்னதான் நடக்குது?"ன்னு கேட்டாரு.

கேட்டதுதான் தாமதம், அறுபது பேரும் ஒரே நேரத்துல பதில் சொன்னாங்க. அணை ஒடைஞ்ச மாதிரி. "வாயே வரலைங்க!" "நெஞ்சு அடைக்குது!" "மாமா பேசமாட்டேங்கிறாரு!" "நீங்க ஏன்யா உள்ள வந்தீங்க!" குருபாதம் மாமா நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு, "கேப்டன், உமக்குப் புண்ணியமாப் போகும், இன்னும் ஏதாவது கேளும், நிறுத்தாதேயும்"னு கெஞ்சினாரு. ஆனா சபையில மொதச் சொல்லு கேப்டன் சொல்லாப் போச்சு. மொத ஆவணி அங்கேயே முடிஞ்சுது.

எதனால இப்படின்னு ஊருக்குப் புரிய ஒரு மணி நேரம்கூட ஆகல, ஏன்னா இது அவங்களுக்குப் புதுசில்ல.

தாழைத்தீவுன்னு ஒரு நாடு, நாடுன்னா நாடு, காலையில கெளம்பினா சாயந்திரத்துக்குள்ள சுத்தி வந்துடலாம், அவ்வளவுதான். அந்த நாட்டுக்கிட்ட அணுகுண்டு இருந்துச்சு. அதை உவர்த்துறை உப்பு அம்பாரத்துக்கு அடியில வெச்சிருந்தாங்க. ஊருல அதைப் பேரு சொல்லிக் கூப்பிடமாட்டாங்க, பாம்பைப் பேரு சொல்லாத மாதிரி, "பெரியவரு"ம்பாங்க. பெரியவரு அங்க வந்து படுத்த நாளுலேர்ந்து, அவரைப் பத்தி நாடு என்ன முடிவு எடுத்தாலும் அந்த முடிவு ஊருக்காரங்க ஒடம்புல ஏறிடும். அம்பாரத்து உப்பை மூணு நாள் தின்னவங்க யாரா இருந்தாலும் ஏறிடும், அப்புறம் ஊரை விட்டு எங்க போனாலும் கூடவே போகும். எழுதிக் காட்டலாமேன்னு நீங்க கேப்பீங்க. பேனாவைப் புடிக்கிற கையும் அதே உப்பைத் தின்ன கைதானே, எழுத்து எறங்காது.

மொதல்ல பத்தொம்பது வருசம் நாட்டோட கொள்கை என்னன்னா, குண்டு இருக்குன்னும் சொல்லமாட்டோம், இல்லைன்னும் சொல்லமாட்டோம். எதிர்க்கடல் நாடான அக்கரை மெரட்டுச்சுன்னா, அம்பாரத்து மேல போட்ட தார்ப்பாயை லேசா ஒரு ஓரம் தூக்குற மாதிரி தூக்கணும், அதைப் பாத்துட்டு தூரத்துல இருக்குற அண்ணன் நாடு "ஐயோ, பையன் ஏதாவது பண்ணித் தொலைச்சிடப் போறான்"னு பதறி ஓடிவந்து நடுவுல நின்னு சமாதானம் பண்ணும். குண்டு அடிக்கிறதுக்கில்ல, அண்ணனைக் கூப்பிடுறதுக்கு. அந்தப் பத்தொம்பது வருசமும் உவர்த்துறையில ஒருத்தருக்கும் ஆமான்னும் வாயில வரல, இல்லைன்னும் வரல. தலையும் ஆடல. ஊரு அதுக்கென்னன்னு பழகிடுச்சு. எல்லாத்துக்கும் "பாக்கலாம்". டக்குன்னு சொன்னா ஆமா, இழுத்துச் சொன்னா இல்லை. டாக்டரம்மாகிட்டப் போயி "மாசமா இருக்கேனாம்மா?"ன்னு கேட்டா அவங்களும் "பாக்கலாம்"பாங்க, டக்குன்னு சொன்னாங்கன்னா மாமியாரு சர்க்கரை வாங்க ஓடுவாங்க.

அந்தக் காலத்துலதான் அதிவீரன் கோமேதகத்துக்கிட்டக் கேட்டான். அவ துறையில கூண்டுக்குள்ள உக்காந்து மைக்குல படகு நேரம் சொல்றவ, அவன் கீழ படகுல இஞ்சின் ஓட்டுறவன்.

"என்னைப் பிடிச்சிருக்கா கோமு?"

"மூணு மணிப் படகு லேட்டு."

"அதைக் கேக்கல நான்."

"தெரியும்."

"தெரியும்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா?"

"பாக்கலாம்."

"டக்குன்னு சொன்னியா, இழுத்துச் சொன்னியா? இஞ்சின் சத்தத்துல கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லு."

"ஒரு வாட்டிதான் சொல்லுவேன். காதைத் தொடைச்சிட்டு இஞ்சினை நிறுத்திட்டு வந்து கேட்டிருக்கணும்."

அவன் டக்குன்னுதான்னு வெச்சுக்கிட்டு மாமாவைக் கூட்டிட்டு வந்துட்டான். அவ டக்குன்னுதான் சொன்னாளான்னு அவளுக்கே சந்தேகம், லேசா இழுத்துட்டோமோன்னு. ஆனா மாமா வர்றாருன்னு கேட்டதும் அவ கை தன்னால பட்டுப்புடவைய எடுத்துச்சு, அப்ப டக்குன்னுதான் சொல்லியிருப்போம்னு அவளும் வெச்சுக்கிட்டா.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னாடி பெரியவரு கடலுக்கடியில ஒரு தடவை இருமினாரு. பரிசோதனைன்னாங்க. மீனெல்லாம் வயித்தக் காட்டி மெதந்துச்சு, உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு, இருக்கா இல்லையாங்கிற பேச்சுக்கே எடமில்லாமப் போச்சு. நிச்சயத்தன்னைக்குக் காலையில பத்து இருபதுக்கு, குருபாதம் மாமா எழுந்து நின்ன அதே நேரத்துல, தலைநகரத்துல அதிபர் புதுக் கொள்கையில கையெழுத்துப் போட்டாரு: "நாங்க மொதல்ல அடிக்கமாட்டோம். ஆனா அடிச்சவனைத் திருப்பி அடிக்காம விடமாட்டோம்."

அவ்வளவுதான், உவர்த்துறையில ஒருத்தராலயும் மொதல்ல பேசமுடியல. பதில் மட்டுந்தான் பேசமுடிஞ்சுது.

கொள்கைத் தாளை அம்பாரத்தைச் சுத்தின கம்பிக் கதவுல ஒட்டுறதுக்கு ஆபீசர் ஞானாகரன் வந்தாரு, எந்தக் கொள்கை மாறினாலும் பசை டப்பாவோட வர்றது அவருதான். "பெரியவரு ஒரே எடத்துல படுத்திருந்தா, எதிரி மொத அடியிலேயே அவரை முடிச்சிடுவான், அப்புறம் எதை வெச்சுத் திருப்பி அடிக்கிறது? அதனால ஐஸ் லாரியில வெச்சு ஊரைச் சுத்த விடப்போறோம்"னு அவரு வெளக்கினாரு. அதுலேர்ந்து பெரியவரு ஐஸ் லாரியில ஊர்வலம் போக ஆரம்பிச்சாரு. பதினோரு லாரி சுத்தும், பத்துல மீனு, ஒண்ணுல அவரு, எதுலன்னு ஓட்டுறவங்களுக்கே தெரியாது, ஜனங்க எல்லா ஐஸ் லாரிக்கும் செருப்பைக் கழட்டி ஒதுங்கி நின்னாங்க, வத்தப்பாறை மீனுக்கெல்லாம் அப்படி ஒரு மரியாதை அதுக்கு முன்னாடி கெடைச்சதே இல்ல.

பேச்சுக்கு என்ன பண்ணுறது? அதுக்கும் வழி கண்டுபுடிச்சாங்க. மிக்கேல் கேப்டன் தன் சோத்தைத் தானே கட்டிட்டு வர்றவரு, ஊரு உப்பு அவரு ஒடம்புல ஏறல. தினம் மொதப் படகு வந்ததும் அவரைத் தெருத்தெருவா நடக்க விட்டாங்க. ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் நின்னு "என்ன?"ன்னு கேப்பாரு.

"என்னத்தச் சொல்றது கேப்டன், என் மருமக நேத்துலேர்ந்து ஒரு வார்த்தை பேசல."

உள்ளேர்ந்து மருமக, "நீங்க பேசினாத்தானே நான் பேசுறதுக்கு?"

"பாத்தீங்களா பதிலை!"

"பதில்தான் வருது, வேற என்ன வருது எனக்கு?"

பக்கத்து வீட்டம்மா, "ரெண்டு பேரும் நிறுத்துங்க, புள்ள தூங்குது"ம்பாங்க, அதுக்கு எதிர்வீட்டுக்காரரு பதில் சொல்லுவாரு, அவருக்கு அவரு பொண்டாட்டி பதில் சொல்லுவாங்க, அப்படியே ஒரு வீட்டுலேர்ந்து இன்னொரு வீட்டுக்கு எண்ணெய் விளக்கு ஏத்துற மாதிரி பேச்சு பத்திக்கிட்டு, கடைசித் தெரு வரைக்கும் போயி, மதியம் சோத்துக்கு வாய் ஓயுற வரைக்கும் எரியும். ஒருநாள் கேப்டன் கோமேதகத்தோட அம்மா வெச்ச நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வாசனைக்கு மயங்கிட்டாரு. ஒருநாளு ருசி பாத்தவரு மூணு நாளும் விடல. நாலாவது நாளு தெருவுல நின்னுக்கிட்டு வாயைத் தெறந்து தெறந்து மூடுறாரு. அவரு தம்பியக் கூட்டிட்டு வரவேண்டியதாப் போச்சு.

நல்லதும் இருந்துச்சு, சொல்லாம விடக்கூடாது. யாரும் யாரையும் மொதல்ல திட்டமுடியல, அதனால சண்டையே இல்ல, போலீஸ் ஸ்டேஷன் படியில பூனை குட்டி போட்டுச்சு. ஆனா தப்புப் பண்ணவனால மொதல்ல மன்னிப்புக் கேக்கவும் முடியல. சாப்பிட வாங்கன்னு கூப்பிட முடியல. கோமேதகம் மைக்கு முன்னாடி உக்காந்திருப்பா, யாராவது வெளியூரான் "படகு எப்ப?"ன்னு கேட்டாத்தான் அவ குரல் தெறக்கும். அதிவீரன் கீழேர்ந்து ஹாரன் அடிப்பான், அதுக்குப் பதிலா அவ மைக்குல "ம்"பா. அவன் ரெண்டு தடவை அடிப்பான். அவ "ம்ம்"பா. துறையில இருந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சிரிச்சாங்க.

ரெண்டாவது ஆவணி வந்துச்சு. கேப்டன் தம்பி வந்து "என்ன?"ன்னு கேட்டா சபையில மொதச் சொல்லு அவனோடதாப் போயிடும். பெருசுங்க யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தாங்க: பல்லி சொல்லலாம். பல்லி மனுசனில்ல, அது சொன்னா சபைச் சொல்லுல சேராது. பல்லி சொன்னதுக்குப் பதில் சொல்ற மாதிரி மாமா எழுந்து பொண்ணு கேட்டுடலாம்.

கூடத்துல அறுபது பேரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு உக்காந்தாங்க. பல்லி டியூப்லைட்டு பக்கத்துல அசையாம இருந்துச்சு. வெத்தலை வாட ஆரம்பிச்சுது. தெய்வராயன் கையெடுத்துப் பல்லியக் கும்பிட்டாரு. கோமேதகம் கதவுக்குப் பின்னாடி நின்னு, சொல்லு, சொல்லு தாயேன்னு மனசுக்குள்ள அழுதா. பல்லி மெதுவா நகந்து, தெக்குச் சுவத்துக்குப் போயி, ரொம்பத் தெளிவா, டிக் டிக் டிக்னு சொல்லுச்சு.

தெக்குச் சுவத்துல பல்லி சொன்னா எடுத்த காரியத்தை விட்டுடணும்னு உவர்த்துறையில பொறந்த எல்லாருக்கும் ரத்தத்துல ஊறினது. குருபாதம் மாமா எழுந்தாரு, பல்லிக்குப் பதில் சொல்ல வாயைத் தெறந்தாரு, அம்பத்தெட்டு வருசப் பழக்கம் அவரை முந்திக்கிச்சு. "சரி, அப்ப வேணாம்"னுட்டாரு.

மாமா ரெண்டு கையாலயும் தன் வாயைப் பொத்திக்கிட்டாரு.

"வேணாமா? என் வீட்டுக் கூடத்துல நின்னுக்கிட்டு என் பொண்ணை வேணாங்கிறியா?"ன்னு தெய்வராயன் திருப்பி அடிச்சாரு.

"நான் பல்லிக்குச் சொன்னேன்யா!"

"பல்லி உன்கிட்டப் பொண்ணு கேட்டுச்சா?"

"அது தெக்கால சொல்லுச்சே, நான் என்ன பண்ண?"

"வடக்கால சொல்றவரைக்கும் உக்காந்திருக்கத் தெரியாதா உனக்கு?"

பதிலுக்குப் பதில், பதிலுக்குப் பதில், அன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும் ஓயல. அதிவீரன் சுவத்துல தலையச் சாச்சுக்கிட்டு உக்காந்துட்டான். கோமேதகத்துக்கு அழறதா சிரிக்கிறதான்னு தெரியல. இன்னும் ஒரே ஒரு ஆவணிதான் மிச்சம்.

அந்த வருசம் அக்கரை நாடு கப்பலா வாங்கிக் குவிச்சுது. துறையிலேர்ந்து பாத்தாலே தெரியும், கடலு முடியுற எடத்துல சாம்பக் கலருல ஒரு வேலி மாதிரி. ஆபீசர் ஞானாகரன் மறுபடி பசை டப்பாவோட வந்து எறங்கினாரு. வந்து வந்து அதுக்குள்ள அவரு ஒடம்புலயும் ஊரு உப்பு ஏறியிருந்துச்சு, டீக்கடையில கேப்டன் தம்பி "என்ன சார்?"னு கேட்டுக் குடுத்ததும் அவருக்கு வாய் தெறந்துச்சு.

"நாம சின்ன நாடு தம்பி. அடி வாங்கிட்டுத் திருப்பி அடிக்கலாம்னு எழுதி வெச்சோம். ஆனா ஒரு அடி விழுந்தா, திருப்பி அடிக்கிறதுக்கு நம்மகிட்டக் கை இருக்குமா? ஊரே இருக்காது. அதனால அவங்க கப்பல் நம்ம எல்லை மிதவையத் தாண்டுனா இனிமே நாமதான் மொதல்ல."

"அப்ப அவங்களும் இதையே நெனைச்சா?"

"நெனைப்பாங்க. அதனாலதான் அதுக்கும் முன்னாடி."

"அதுக்கும் முன்னாடின்னா எப்ப சார்?"

ஆபீசர் பசை டப்பா மூடியத் திருகி மூடினாரு. "அதைத்தான் எங்க ஆபீஸ்லயும் பேசிக்கிட்டிருக்காங்க"ன்னாரு.

இதைக் கேட்ட கோமேதகத்துக்கு மொதல்ல சந்தோசந்தான் வந்துச்சு, மறைச்சுப் புண்ணியமில்ல. மொதல்ல பேசலாம்! மாமா தாராளமாப் பொண்ணு கேக்கலாம்! அப்புறம் கடலு முடியுற எடத்துச் சாம்பல் வேலியப் பாத்தா. தன் கல்யாணத்துக்காக இப்படி ஒரு கொள்கை வரட்டும்னு ஆசைப்படலாமான்னு கேட்டுக்கிட்டா. ஆசைப்பட்டா. ஆசைப்பட்டதுக்காகத் தன்னைத் திட்டிக்கிட்டா. மறுபடி ஆசைப்பட்டா.

மூணாவது ஆவணிக்கு ஒரு மாசம் இருக்குறப்ப கையெழுத்தாச்சு.

இப்ப என்ன ஆச்சுன்னா, உவர்த்துறையில மொதல்ல பேசுறவங்க பேச்சு மட்டுந்தான் வெளிய வந்துச்சு. பதில் செத்துப்போச்சு. ஒருத்தரு ஒண்ணு சொல்லிட்டாருன்னா எதிர்ல இருக்குறவரு தொண்டையில அதுக்கான பதில் கல்லு மாதிரி நிக்கும், தலையக்கூட ஆட்டமுடியாது, அவரா வேற ஒண்ணைப் புதுசா ஆரம்பிச்சாத்தான் உண்டு. டீக்கடையில "டீ"ன்னா "சக்கரை போடவா?"ன்னு திருப்பிக் கேக்கமுடியல, எல்லாருக்கும் ஒரே சக்கரை, சக்கரை வியாதிக்காரங்களுக்கும். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கேள்வி கேட்டா புள்ளைங்க கம்முனு நின்னாங்க, அவரு கேக்குறதுக்கு முன்னாடி எழுந்து "பதினாறு!" "அசோகரு!" "தவளை!"ன்னு கத்துனாங்க, அதுல எது எந்தக் கேள்விக்குன்னு வாத்தியாரு நாளெல்லாம் பொருத்திப் பாத்துக்கிட்டிருந்தாரு.

இதுக்கும் ஊரு பழகிடும்னுதான் நெனைச்சாங்க, பத்தொம்பது வருசத்தையும் ரெண்டு வருசத்தையும் முழுங்கின ஊருதானே. ஆனா இது வேற மாதிரி எறங்குச்சு. ஒரு தடவை திட்டு வாங்கிட்டா திருப்பிச் சொல்லமுடியாதுங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அதனால திட்டு வாங்குறதுக்கு முன்னாடி திட்டிடணும். அவனும் அதையே நெனைப்பான், அதனால அவன் நெனைக்கிறதுக்கு முன்னாடி. மீன்காரம்மா ஆளு தெருமுனையில திரும்புறப்பவே "காசில்லாத மூஞ்சி!"ன்னு கத்துச்சு. ஒருத்தன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அடுத்த சித்திரையில நீ என் மாங்கா பறிப்ப, திருட்டுப்பயலே"ன்னுட்டுப் போனான், மாங்கன்னு அப்பத்தான் ரெண்டு இலை விட்டிருந்துச்சு. செய்யாத தப்புக்கெல்லாம் பழி விழுந்துச்சு. நல்லவங்களா இருந்தவங்கதான் ரொம்ப மோசமானாங்க, ஏன்னா பயம் அவங்களுக்குத்தான் அதிகம்.

நிச்சயத்துக்கு மொத நாளு தெய்வராயன் சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு, "அந்தாளு போன வருசம் என் கூடத்துலயே வேணாம்னான். நாளைக்கும் சொல்லுவான். அவன் வாயத் தெறக்குறதுக்குள்ள நானே சொல்லிடுவேன், பொண்ணு தரமாட்டோம்னு. மானம் முக்கியம்"னாரு.

அப்பா, அவரு பல்லிக்குத்தான்பா சொன்னாரு. கோமேதகத்தோட தொண்டையில அது கல்லா நின்னுச்சு. அவ வேற ஒண்ணை ஆரம்பிச்சா. "ரசம் ஊத்தட்டுமா."

துறைக்கு ஓடினா. அதிவீரன் படகுலேர்ந்து எகிறிக் குதிச்சு வந்தான், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சாங்க.

"எங்கப்பா நாளைக்கு—"

"எங்க மாமா நாளைக்கு—"

ரெண்டும் மோதி ரெண்டும் நின்னுச்சு. அவ கைய நீட்டி அவன் வாயைப் பொத்தினா. "எங்கப்பா தரமாட்டேன்னு மொதல்ல சொல்லிடப்போறாரு." கைய எடுத்தா. அவனால பதில் சொல்லமுடியல. இப்ப அவன் அவ வாயைப் பொத்தினான். "எங்க மாமா வேணாம்னு மொதல்ல சொல்லிடப்போறாரு. உங்கப்பா சொல்லிடுவாருன்னு பயம்." அவளாலயும் பதில் சொல்லமுடியல. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க, மீன் நாத்தம் அடிக்கிற கையோட, கடலு முடியுற எடத்துல சாம்பல் வேலி அன்னைக்கு ஒரு வெரல் அகலம் கிட்ட வந்த மாதிரி இருந்துச்சு, இல்ல வெயிலோ என்னமோ.

மூணாவது ஆவணி. வெத்தலை பச்சைப்பசேல்னு இருந்துச்சு, வாடுறதுக்கு நேரமே கெடைக்கப்போறதில்லன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கும். குருபாதம் மாமா செருப்பைக் கழட்டினதும் கழட்டாததுமா உள்ள வந்தாரு. தெய்வராயன் வாசலைப் பாத்துக்கிட்டு முன்னாடியே எழுந்து நின்னாரு. ரெண்டு பேரும் நல்ல மனுசங்க, கோமேதகத்துக்கு நல்லாத் தெரியும். ஒருத்தரு மனசுல வேணாம்ங்கிறது இல்ல, இன்னொருத்தரு மனசுல தரமாட்டோம்ங்கிறது இல்ல. மாமாவோட உதடு பிரிஞ்சுது. அப்பாவோட நெஞ்சு ஏறுச்சு. ரெண்டு வாயிலயும் ரெண்டு சொல்லும் பல்லு வரைக்கும் வந்துடுச்சு.

கோமேதகம் கதவைத் தள்ளிக்கிட்டு நடுக்கூடத்துக்கு வந்து, "எனக்குச் சம்மதம்"னா.

கேக்காத கேள்விக்குப் பதில். ஆனா மொதச் சொல்லு அதுதான்.

மாமா வாய் தெறந்தபடியே நின்னுடுச்சு. அப்பா நெஞ்சு ஏறினபடியே நின்னுடுச்சு. வேணாம்ங்கிறது மாமாவோட தொண்டையில கல்லாச்சு, தரமாட்டோம்ங்கிறது அப்பாவோட தொண்டையில கல்லாச்சு. பொண்ணு வாயால மொதச் சொல்லு வர்றது ஊரு வரலாத்துலயே இல்லைன்னு பெருசுங்க சொல்ல நெனைச்சாங்க, அதுவும் பதிலுதானே, வரல. அறுபது பேரு இருந்த கூடத்துல அவ ஒரு சொல்லு மட்டும் ஒத்தையா நின்னுச்சு, எதிர்த்து நிக்க ஒண்ணுமே இல்ல. ஜெயிச்சுட்டா. வழக்கத்தை, அப்பாவை, மாமாவை, பல்லிய, பசை டப்பா ஆபீசரை, எல்லாரையும் ஒரே அடியில.

அப்புறந்தான் அதிவீரனைத் திரும்பிப் பாத்தா.

அவன் எழுந்து நின்னுட்டான். உதடு துடிக்குது. கண்ணுல தண்ணி கட்டியிருக்கு. அவன் தொண்டையில ஒண்ணு ஏறி ஏறி எறங்குது. எனக்கும் சம்மதம்ங்கிறதா அது? இல்ல, என்ன அவசரம் கோமு, நான்தானே கேட்டிருக்கணும்ங்கிறதா? வேற ஏதாவதா? அவ அந்தக் கண்ணை உத்துப் பாத்தா, அதுல அவளுக்கு ஆமாவும் தெரிஞ்சுது, இல்லையும் தெரிஞ்சுது. தலைய ஆட்டேன்டான்னு கெஞ்சுறமாதிரி பாத்தா. ஆடல.

யாராலயும் வேணாங்கமுடியாததால கல்யாணம் நடந்துச்சு. இப்பவும் ஒண்ணாத்தான் இருக்காங்க. அவன் காலையில எழுந்ததும் "தண்ணி புடிச்சு வெச்சிருக்கேன்"பான், "செருப்புல ஆணி தெரியுது, குடு தெச்சுத் தர்றேன்"பான், புதுசா எதையாவது ஆரம்பிச்சுக்கிட்டேதான் இருக்கான். ஆனா அந்த ஒண்ணை மட்டும் அவனால சொல்லமுடியல, அவ சொன்னதுக்குப் பதில்ங்கிறதால, அவன் எத்தனை தெசையிலேர்ந்து ஆரம்பிச்சாலும் அங்க வந்து நின்னுடுது. அவ சோறு போடுறப்ப, அவன் முழுங்குறப்ப, அவன் தொண்டையையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அக்கரைக் கப்பல் அங்கேயே நிக்குது. கொள்கை மறுபடி மாறப்போகுதுன்னு ஒரு பேச்சு, அப்ப அந்தப் பதில் வெளிய வந்துடும்னு ஊரு சொல்லுது. மாறட்டும்னு அவ வேண்டிக்கிறா. அவன் வாயத் தெறந்து என்ன சொல்லிடுவானோன்னு பயந்து, மாறவேணாம்னும் வேண்டிக்கிறா. எதை வேண்டிக்கிட்டோம்னு ராத்திரிக்குள்ள மறந்தும் போயிடுறா.

நீங்க சொல்லுங்க. எதிர்ல நின்னவங்க ஏதாவது சொல்லிடுவாங்களோங்கிற பயத்துல நீங்க முந்திக்கிட்டு, அவங்க உதடு துடிச்சதோட நின்னுபோயி, அன்னைக்கு அவங்க என்ன சொல்ல வந்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாம, பக்கத்துலேயே இருந்துக்கிட்டு அவங்க தொண்டையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களா, உங்க வீட்டுலயும் இப்படி ஆயிருக்கா?